வாயில் குஞ்சு வைத்திருந்த மீனும் வாய் மூடாத நானும்

மீன் விற்பவர்களில் இரண்டு வகை: குழம்புக்கு விற்பவர்கள், தொட்டிக்கு விற்பவர்கள். குழம்புக்கு விற்பவரிடம் யாரும் திரும்பி வந்து, "நீங்க குடுத்த மீனு செத்துப்போச்சு" என்று சண்டை போடுவதில்லை. நான் இரண்டாவது வகை.

ஓசூர் பாகலூர் ரோட்டில் பதினோரு வருஷமாகக் கலர் மீன் கடை நடத்துகிறேன். பெயர் ஸ்டெல்லா. வீட்டுக்காரர் அல்போன்ஸுக்கு வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. மீனுக்கும் அவருக்கும் உள்ள உறவு, வெள்ளிக்கிழமை சாப்பாட்டுத் தட்டோடு சரி. என்னுடைய பைத்தியம் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள். அங்கே மலாவி என்று ஓர் ஏரி. பாறைக்காடு, உப்புச்சத்து ஏறிய கெட்டித் தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீரும் கிட்டத்தட்ட அதே கதைதான். குழாயெல்லாம் வெள்ளைப் பொருக்கு, தலைமுடி கொட்டுகிறது, பக்கெட்டில் கறை என்று நாம் தினம் திட்டுகிற அந்தத் தண்ணீர், இந்த மீனுக்குச் சொந்த ஊர்த் தண்ணீர் மாதிரி. மருந்து வேண்டாம், மாயம் வேண்டாம், குழாயைத் திறந்தால் போதும். ஓசூரில் வளர்க்க இதைவிடச் சுலபமான மீன் கிடையாது. அப்படியும் கொல்கிறார்கள். கோபம் வருமா வராதா, வீட்டில் தொட்டி வைத்து அவதிப்படுகிற நீங்களே சொல்லுங்கள்.

நான் சொல்லப்போவது போன கோடையில் மூன்று வாரங்களில் நடந்தவை. எங்கள் வீட்டு ஹாலில் ஆறடித் தொட்டி ஒன்று உண்டு. அதில் ரோஸி என்று ஒரு மஞ்சள் பெண்மீன், என் சுண்டுவிரல் நீளம். ஏழு வருஷத்துக்கு முன் பெங்களூரில் ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது எட்டுக் குஞ்சுகள் கொடுத்தார். அந்த வம்சம். ஆண்கள் வளர்ந்தால் நீலமாகிக் கறுப்புப் பட்டை போடும், பெண்கள் கடைசிவரை மஞ்சள். அந்த வம்சத்தில் மிஞ்சிய ஒரே பெண் ரோஸி. முன்பு அவள் பெற்ற குஞ்சுகளை வாங்கிப் போனவர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு, ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. ஒரு வருஷமாகச் சும்மா இருந்த ரோஸி, அந்த ஏப்ரலில் முட்டையிட்டு வாயில் எடுத்துக்கொண்டாள். இந்த மீன்களின் வழக்கம் அது. தாய் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரித்து, மூன்று வாரம் ஒரு பருக்கைகூடத் தின்னாமல் குஞ்சுகளைக் காக்கும். பயந்தால் துப்பிவிடும், அல்லது விழுங்கிவிடும். அவளுக்குப் பிறகு இந்த மீன் எனக்கு எங்கேயும் கிடைக்காது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று வாரமும் நான் வாயை மூடவில்லை. காரணமானவர்கள் கீழே வருகிறார்கள்.

சார் வரட்டும்

புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி. பையன் பத்து தங்க மீன்களைக் காட்டிவிட்டு, கூடவே நாலு சிக்லிட்டும் கேட்டார். "ரெண்டும் ஒரே தொட்டியில ஆவாதுங்க. தங்க மீனு மெதுவா நீந்தும். இதுங்க சண்டைக்கார ஜாதி, வாலக் கடிச்சே கொன்னுடும்" என்றேன். நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்து, "சார் இல்லையா?" என்றார். எந்த சார் என்றேன். கடை சார் என்றார். கடையே நான்தான் என்றேன். சிரித்தார். அந்தப் பெண் அவர் கையைக் கிள்ளினாள். அவருக்கு உறைக்கவில்லை. சார் வரட்டும் என்று அரைமணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் தொட்டிக் கண்ணாடியைத் தேய்த்த தேய்ப்பில் ஸ்பாஞ்சு இரண்டாகக் கிழிந்தது.

அல்போன்ஸ் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சாப்பாட்டுப் பையோடு வந்தார். யூனிஃபார்ம் சட்டை, பாக்கெட்டில் பேனா, பார்த்தால் பெரிய மனுஷர்தான். பையன் எழுந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். அல்போன்ஸ் என் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவர், படிக்கத் தெரியும். "சேத்தா கொன்னுடும் தம்பி" என்றார். பையனுக்கு அப்படி ஒரு நிம்மதி. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நீங்களும் இதத்தாங்க்கா சொன்னீங்க, ஆனா சார் சொன்னாத்தான் ஒரு கிளாரிட்டி வருது."

மூன்று ஷிஃப்ட் சாப்பாடு

சிப்காட் பக்கம் ஒரு வீடு. தொட்டியில் தண்ணீர் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது, வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். கதவைத் திறக்கும்போதே நாற்றம். அடியில் தின்னாத தீனி விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது. மீன்கள் வயிறு உப்பி, பக்கவாட்டில் நீந்திக்கொண்டிருந்தன. எத்தனை வேளை போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு அந்த வீட்டம்மா ஒரே வேளை என்றார், சத்தியமும் செய்தார். பொய் இல்லை. அவர் முதல் ஷிஃப்ட் முடித்து வந்து ஒரு வேளை போடுகிறார். அவர் வீட்டுக்காரர் இரண்டாவது ஷிஃப்ட், அவரும் வந்து ஒரு வேளை. கொழுந்தனார் மூன்றாவது ஷிஃப்ட், அவரும் ஒரு வேளை. மூன்று பேரும் மீன் பசியோடு இருக்கும் என்று நினைத்து அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஒரே வீட்டில் மூன்று பேர், ஒருவர் போட்டதை இன்னொருவருக்குச் சொல்லாமல்!

கத்தினேன். மூன்று பேரும் உட்கார்ந்து, யார் போடுவது என்று பேசி முடிவு பண்ணுங்கள் என்றேன். அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. தூக்கம்தான் இருந்தது. "நாங்க மூணு பேரும் ஒண்ணா உக்காரணும்னா ஞாயித்துக்கெழம ஆவணும்க்கா, அது வரைக்கும் மீனு பட்டினி கெடக்கறதா?"

கேன் தண்ணீர்

வெங்கடேசப்பா எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், காய்கறிக்காரரிடம் கன்னடம். என்னிடம் எட்டு மீன் வாங்கியிருந்தார். ஒரு நாள் கடைக்கு வந்து மேஜைமேல் ஆறு பிளாஸ்டிக் கவர்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு செத்த மீன். ஒவ்வொரு கவர்மேலும் சீட்டு ஒட்டி, தேதி, செத்த நேரம், நிறம். பழுதான பாகத்தை எடுத்து வைப்பது போல வைத்திருந்தார்.

தண்ணீர் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். "கேன் தண்ணிம்மா. அம்புட்டும் கேன் தண்ணி" என்றார் பெருமையாக. இருபது லிட்டர் ஆர்ஓ கேன்களை மாடிக்குத் தூக்கித் தூக்கி ஊற்றியிருக்கிறார். சத்தெல்லாம் உறிஞ்சி எடுத்த அந்தத் தண்ணீரில் இந்த மீன் எப்படிப் பிழைக்கும்? இலவசமாக வருகிற போர் தண்ணீரை விட்டுவிட்டு, மெனக்கெட்டு, இடுப்பொடிய, கொன்றிருக்கிறார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. "ஏன் சார், முப்பது வருஷம் குவாலிட்டி பாத்தவரு, தொட்டியில ஊத்தறதுக்கு முன்னாடி தண்ணி எங்கேர்ந்து வருது, அதுல என்ன இருக்குதுன்னு கேக்க மாட்டீங்களா? மெஷினுக்கு ஆயில் ஊத்தறதுன்னா கேப்பீங்க இல்ல?" என்று ஆரம்பித்து, தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். என்மேல் புகார் எழுதுகிறார் என்று நினைத்து இன்னும் கத்தினேன். எழுதி முடித்து, பேனாவை மூடி, கவர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "உப்புத் தண்ணின்னு நானே அதக் குடிக்கறதில்லம்மா, வாயில்லாத உயிருக்கு எப்பிடி ஊத்தறது?"

பாலீஷ் போட்ட ஏரி

பர்கூரில் கிரானைட் பாலீஷ் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் ஏழடித் தொட்டி கேட்டார். சிக்லிட்டுக்குக் கரடுமுரடான கல் வேண்டும், சந்து பொந்து வேண்டும், ஒன்றை ஒன்று துரத்தினால் ஒளிய இடம் வேண்டும் என்று தாளில் படம் போட்டே கொடுத்தேன். கல்லுக்கா பஞ்சம் எங்களுக்கு, நீங்க கவலைப்படாதீங்க என்றார். ஒரு வாரத்தில் ஃபோன். மீனெல்லாம் மூக்கில் ரத்தம் என்றார். போய்ப் பார்த்தேன். தரை, பின்சுவர், இரண்டு பக்கச் சுவர், எல்லாம் கறுப்பு கிரானைட், முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். ஒவ்வொரு ஆண்மீனும் எதிரில் இன்னொரு ஆண் நிற்பதாக நினைத்து, தன் பிம்பத்தோடு மோதி மோதி மூக்கை உடைத்துக்கொண்டிருந்தது.

பட்டறைக்குப் பின்னால் உடைந்த கல் மலையாகக் குவிந்து கிடந்தது. அதில் இருபது கல்லைக் கழுவிப் போட்டால் முடிந்தது வேலை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "பாலீஷ் போடாத கல்ல ஹால்ல வச்சா, வர்ற பார்ட்டி எங்க தொழிலப் பத்தி என்னங்க நெனப்பான்?"

தொண்டையில் கட்டி

ரோஸி வாய் நிறைந்து பதினைந்தாவது நாள். தாடை பை மாதிரி தொங்கியது. நன்றாகக் கவனித்தால் உதட்டோரம் குட்டிக் குட்டிக் கண்கள் தெரிந்தன. தொட்டி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லாவி ஊரிலிருந்து ஃபோன். என்னிடம் வேறு வகை சிக்லிட் ஒரு ஜோடி வாங்கிப் போனவர். பெண்மீன் பத்து நாளாக ஒன்றும் தின்னவில்லை, தொண்டை வீங்கிவிட்டது என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தொடாதீங்க சார், வாயில குஞ்சு இருக்கு, அப்பிடியே வுடுங்க" என்றேன். அவர் மச்சான் ஒருவர் கிளினிக்கில் வேலை செய்கிறாராம், அவர் வந்து மீனை ஈரத்துணியில் பிடித்து, காது குடைகிற பட்ஸால் வாயைத் திறந்து பார்த்தாராம்.

நான் கத்த ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டு ஓனரம்மா கௌரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றார். "ஸ்டெல்லா, தண்ணி விஷயமா ஒண்ணு..." என்றார். கையைக் காட்டி, அப்புறம் வாங்கம்மா என்று விரட்டினேன். போய்விட்டார். ஃபோனில் அந்த மனிதர், என் கோபம் என்னவென்றே புரியாமல், எனக்கு ஆறுதல் சொன்னார்: "உள்ள மஞ்ச மஞ்சளா கட்டிங்க அடைச்சிக்கினு இருந்துச்சு மேடம், எல்லாத்தையும் வழிச்சு வெளிய போட்டாச்சு, இப்ப நல்லா துன்னுது, நீங்க கவலப்படாதீங்க."

பூசை முடிந்து வந்த ஞாயிறு

பதினெட்டாவது நாள். இன்னும் இரண்டு நாளில் ரோஸியைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் குஞ்சு வெளியே வந்ததும் மற்ற மீன்கள் தின்றுவிடும். அதற்கு முன்னால் புதுத் தண்ணீர் கொடுப்போம் என்று, சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, குழாயில் ஹோஸை மாட்டித் திறந்துவிட்டேன். ஏழு வருஷமாகச் செய்கிற வேலை. கை தன்னால் செய்யும். காப்பி போடப் போனேன்.

திரும்பி வந்தபோது மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நீல ஆண், நாங்கள் மேஸ்திரி என்று கூப்பிடுவது, கண்ணாடியில் முட்டிக்கொண்டு சுற்றியது. காற்றடிக்கும் மோட்டார் நின்றுவிட்டதா என்று பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸைப் பிடுங்கி மோந்தேன். பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. மாடிக்கு ஓடினேன். கௌரம்மா சாவகாசமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போர் வற்றிவிட்டதாம். நேற்றுத்தான் மேல் டேங்கைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒகேனக்கல் தண்ணீர் லைனைத் திருப்பிவிட்டாராம். ஏன் சொல்லவில்லை என்று அவரிடமும் கத்தினேன். அவர் கையில் கீரையோடு நிமிர்ந்து பார்த்தார். "சொல்லத்தானே வந்தேன் ஸ்டெல்லா, நீ ஃபோன்ல யார்கிட்டயோ கத்தி ஜகளா ஆடிக்கினு இருந்தியே."

குளோரினை முறிக்கும் மருந்து கடையில் இருந்தது, வீட்டில் ஒரு சொட்டு இல்லை. போர் தண்ணீருக்கு அது எதற்கு? அல்போன்ஸ் கடைச் சாவியோடு பைக்கில் பறந்தார். கீழே தொட்டியில் ரோஸி. மற்ற மீன்கள் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. அவளால் பிளக்க முடியவில்லை. வாய் நிறையக் குஞ்சு. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. போர் தண்ணீர் வேண்டும், உடனே வேண்டும். பக்கத்தில் போர் வற்றாத வீடு எது என்று யோசித்தபோது ஒரே ஒரு பெயர்தான் வந்தது. வெட்கத்தை விட்டு வெங்கடேசப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.

பத்து நிமிஷத்தில் வந்தார். ஸ்கூட்டரில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, அதே இருபது லிட்டர் கேன்கள். இந்தத் தடவை உள்ளே உப்புத் தண்ணீர். வந்தவர் நேராக ஊற்றவில்லை. பையிலிருந்து தண்ணீரின் உப்பளவு காட்டும் மீட்டரை எடுத்து, முதலில் கேனில் விட்டுப் பார்த்தார், பிறகு தொட்டியில் விட்டுப் பார்த்தார், நோட்டில் எழுதினார். அந்த நேரத்திலும் எனக்குக் கோபம். "எழுதறத அப்பறம் எழுதுங்க சார்!" என்றேன். அவர் அசையவில்லை. எழுதி முடித்துவிட்டுத்தான் என் பக்கெட்டில் தண்ணீரை ஊற்றினார். அதற்குள் ரோஸி துப்பிவிட்டாள். மணல்மேல் சிறு சிறு மஞ்சள் துணுக்குகள், வாலை அடித்துக்கொண்டு கிடந்தன. டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக அள்ளி அந்த பக்கெட்டில் விட்டேன். அவர் ரோஸியையும் வலையில் பிடித்து அதிலேயே விட்டார். அல்போன்ஸ் மருந்தோடு வந்து ஊற்றியபோது தொட்டியில் மேஸ்திரியோடு சேர்த்து ஐந்து மீன்கள் மிதந்தன. சாயங்காலம் ரோஸியும் போய்விட்டாள். அடுப்படியில் நின்று அழுதேன். ஊரில் அத்தனை பேரையும் தண்ணீர் பார்க்கத் தெரியாதவர்கள் என்று திட்டியவள், என் கையாலேயே, அதுவும் சொல்ல வந்தவரை விரட்டிவிட்டு, ஊற்றிக் கொன்றேன். என்னைத் திட்ட அங்கே யாரும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. மேஜைமேல் பக்கெட்டில் ஒன்பது குஞ்சுகள் உயிரோடு இருந்தன.

மறுநாள் வெங்கடேசப்பா வந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் கொண்டுவந்தார். கம்பெனியில் ஒவ்வொரு மெஷினுக்கு மேலும் வேலை செய்யும் முறையை எழுதித் தொங்கவிட்டிருப்பார்களே, அதே மாதிரி. அவர் வீட்டுத் தொட்டியில் ஒன்று முன்பே மாட்டியாயிற்றாம், இது எனக்காக எடுத்த பிரதி. முதல் வரி: "குழாயைத் திறப்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவும்." கடையில் நாலு பேர் முன்னால் நான் அவரைப் பார்த்துக் கத்திய கத்தல், வசவெல்லாம் நீக்கப்பட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக இருந்தது. அடியில் 'தயாரித்தவர்: வெங்கடேசப்பா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் 'ஒப்புதல்: ஸ்டெல்லா' என்று எழுதி, இடம் விட்டிருந்தார். குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார். "அம்புட்டும் உங்க வார்த்தைங்கதாம்மா, நான் எழுதுனது மட்டும்தான், ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா மாட்டிடலாம்."

போட்டேன், ஒன்பது குஞ்சுகளும் இப்போது விரல்கடை அளவு வளர்ந்துவிட்டன, கடைக்கு வருகிறவர்களைப் பார்த்து நான் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன், என்ன, அந்தத் தாளை ஒரு தடவை படித்துவிட்டுக் கத்துகிறேன்.